நோயாளிகளுக்கான வெளியிட நடைப்பயிற்சி: கன்னியாகுமரி மாவட்டத்தின் பூங்காக்களும் கடற்கரைகளும்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோருக்கு மருந்துடன் நடைப்பயிற்சியும் பரிந்துரைக்கப்படுகிறது. வாரத்திற்கு 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு நாளைக்கு 30 நிமிடங்கள் வீதம் ஐந்து நாட்கள் நடந்தால் இந்த அளவு நிறைவடையும். தொடக்கத்தில் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்தும் நடக்கலாம். எங்கே நடப்பது என்பதை ஊரின் புகழைக் கொண்டு முடிவு செய்யாமல், உங்கள் உடல்நிலையைக் கொண்டு முடிவு செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஏறும் மலையைவிட, வாரத்தில் ஐந்து நாட்கள் சென்றுவரக்கூடிய சமதளமான இடமே இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்க உதவும்.

எந்த இடம் யாருக்கு ஏற்றது?

மாரடைப்பு, அறுவை சிகிச்சை அல்லது நீண்ட படுக்கைக்குப் பின் நடக்கத் தொடங்குவோர் முதல் சில வாரங்கள் வீட்டருகிலேயே நடப்பது நல்லது. நாகர்கோவிலில் வசிப்போருக்கு வேப்பமூடு மாநகராட்சிப் பூங்காவும் அண்ணா விளையாட்டரங்கமும் உள்ளன. தரை சமமாக இருப்பதாலும், களைத்தால் உடனே உட்கார முடிவதாலும், ஆட்கள் நடமாட்டம் இருப்பதாலும் இவை பாதுகாப்பானவை. கிராமப்புறங்களில் பலரும் சானல் கரையிலேயே நடக்கின்றனர். நிழலும் காற்றும் உள்ள நல்ல இடம்தான். ஆயினும் கைப்பிடிச் சுவர் இல்லாத கரையில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தலைச்சுற்றல் உள்ளவர்களும் தனியே நடக்கக் கூடாது; விடியலுக்கு முந்தைய இருட்டில் எவருமே நடக்க வேண்டாம்.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்தியது. இது ஏறத்தாழ 10,000 அடிகளுக்குச் சமம். நோயாளி அந்தத் தொலைவு முழுவதையும் நடந்தாக வேண்டும் என்பதில்லை. நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் சரியானது. பேசவே முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அரை மணி நேரம் தடையின்றி நடக்க முடிந்த பின், புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குச் செல்லலாம். மார்த்தாண்ட வர்மா காலத்தில் வலுப்படுத்தப்பட்ட இக்கோட்டையின் உட்பகுதியை வனத்துறை பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரிக்கிறது. டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையும் இங்கு உள்ளது. மர நிழல் மிகுந்திருப்பதால், வெயிலைத் தாங்க இயலாத முதியோருக்கு இம்மாவட்டத்தில் மிகப் பொருத்தமான இடங்களுள் இதனை முதன்மையாகச் சொல்லலாம். நடக்க இயலாமல் சக்கர நாற்காலியில் இருப்பவரை அழைத்துச் செல்ல விரும்பினால், சுசீந்திரம், தேரூர் குளங்களைக் குளிர்காலத்தில் காணச் செய்யுங்கள். வலசைப் பறவைகள் வந்து தங்கும் இந்த ஈரநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சாலையில் வாகனப் போக்குவரத்து மிகுதி. பாதுகாப்பாக நிறுத்த இடமுள்ள பகுதியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

சிதறால் மலைக்கோயிலுக்குக் கல் பாவிய சரிவுப் பாதை உண்டு. எனினும் அது ஏற்றமே. இதய நோயாளிகளும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பிறகே ஏற வேண்டும். மருந்துவாழ் மலை இதனினும் கடினமானது. அம்மலையின் பெயரை நம்பி வழியில் உள்ள இலை, வேர்களைப் பறித்து உண்பவர்கள் உண்டு. அடையாளம் தெரியாத மூலிகை சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கலாம். நீங்கள் உட்கொள்ளும் மாத்திரையின் செயலையும் மாற்றலாம். மாத்தூர் தொட்டிப்பாலம் தரையிலிருந்து நூறு அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்தது. தலைச்சுற்றல், வலிப்பு, உயர அச்சம் உள்ளவர்கள் அதனைக் கீழிருந்து பார்ப்பதே நன்று.

கடற்கரையும் அருவியும்

சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் ஆகிய கடற்கரைகளில் மாலைக் காற்று இதமானது. நீரிழிவு நோயாளிகள் மட்டும் மணலில் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. நரம்பு பாதித்த பாதம் சூட்டை உணராது; கொப்புளம் எழுந்த பிறகே பலர் அறிகின்றனர். கிளிஞ்சல் கீறிய சிறு காயம்கூட ஆறாத புண்ணாகி, விரலையே இழக்கும் நிலைக்குக் கொண்டு செல்லலாம். முன்புறம் மூடிய, அளவான காலணியைப் பருத்திக் காலுறையுடன் அணியுங்கள். வீடு திரும்பியதும் விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். குனிய இயலாதவருக்குப் பராமரிப்பாளர் பார்த்துச் சொல்லலாம்.

இக்கடலில் இறங்க வேண்டாம் என்பதை நோயாளிகளுக்கு மட்டுமன்றி உடன் வருவோருக்கும் சேர்த்தே கூறுகிறோம். தொலைவிலுள்ள தென் இந்தியப் பெருங்கடலில் உருவாகும் பேரலைகள், இங்கே காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரெனக் கரையேறும். இதனை மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்பர். 2024 மே 6 அன்று, இத்தகைய எச்சரிக்கை நடைமுறையில் இருந்தபோது, கணபதிபுரம் அருகேயுள்ள லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தனர். எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் மணற்பரப்பிலும் நடக்காதீர்கள்.

திற்பரப்பு அருவியில் பாறை வழுக்கும். வலிப்பு நோய் உள்ளவர்கள் தனியே குளிக்கக் கூடாது. இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்வோருக்குச் சிறு வீழ்ச்சியும் உட்கசிவை ஏற்படுத்தலாம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. மழைக்காலத்தில் காலில் புண்ணுடன் தேங்கிய நீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். அதன் பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், நீரில் இறங்கிய செய்தியை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.

புறப்படும் முன்

காலை 9 மணிக்கு முன்போ, மாலை 4 மணிக்குப் பின்போ செல்வது நல்லது. சிறுநீர் பெருக்கி மாத்திரை உட்கொள்பவருக்கு வெயிலில் நீரிழப்பு விரைவில் ஏற்படும். செல்லும் இடத்தில் கழிப்பறை உள்ளதா என்றும் முன்னரே கேட்டறிய வேண்டும். இன்சுலின் செலுத்துவோர் நடப்பதற்குச் சற்று முன் தொடையில் ஊசி போட வேண்டாம். மருந்து விரைவாக உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை தாழும். இன்சுலினை வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள் வைக்காதீர்கள்.

நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, குழப்பம் தோன்றினால் நடையை நிறுத்தி மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் உட்கொள்ளவும். 15 நிமிடங்களில் சரியாகாவிட்டால் மீண்டும் அதே அளவு. சரியான பின் ஒரு மட்டிப்பழம் உண்ணலாம். நேந்திரங்காய் சிப்ஸ் இதற்கு உதவாது. அதிலுள்ள எண்ணெய் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும் என்பதால் வியர்வையையே முக்கிய அறிகுறியாகக் கொள்ளுங்கள். சுயநினைவு குறைந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வழியில் கிடைக்கும் அக்கானியில் சர்க்கரை மிகுதி. இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் அருந்த வேண்டாம்.

உடனே உதவி தேவைப்படும் நிலைகள்

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஏற்பட்டால் அங்கேயே உட்காருங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருந்தால் பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடங்களில் வலி தணியாவிட்டால் 108-ஐ அழைக்கவும். மாத்திரை இல்லாதவர்கள் காத்திருக்காமல் அழைக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்வதைத் தவிர்க்கவும். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறல் தோன்றினால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டியிருப்பதால், மருத்துவர் முதலில் கேட்பது அந்த நேரத்தையே. கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் உள்ளது. அவசரமற்ற ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.