வெள்ளரிக்காய் கிச்சடியின் வயது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் நடந்த ஒரு திருமணத்திற்கு, என்னோடு பணிபுரியும் மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர் வந்திருந்தார். பந்தியில் துவட்டல், அவியல், எரிசேரி, பச்சடி, இஞ்சிக்கறி எல்லாம் இலையில் தத்தம் இடத்தில் அமர்ந்தபின் வெண்மையாக ஒரு கரண்டி விழுந்தது. "கிச்சடி" என்று சொல்லிவிட்டு விளம்பியவர் நகர்ந்தார். நண்பர் இலையை மேலும் கீழும் பார்த்தார். "எங்கே சார் கிச்சடி? ரவையையே காணோமே" என்றார். காட்டினேன். தொட்டு நாவில் வைத்தவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்; கடுகு மூக்கில் ஏறிவிட்டது. ஆசுவாசப்பட்டபின் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மலையாளச் சாப்பாடு இல்லையா?"

இதே கிச்சடியைத் திருவனந்தபுரத்து உறவினர் ஒருவர் உண்டுவிட்டு, "பாண்டிக்காரர்கள் கை, புளிப்பு கூடுதல்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இந்த இரட்டை விலக்கம் பழகிப்போனதுதான். ஆயினும் ஒரு தமிழாசிரியனாக என்னை அந்தக் கேள்வி விடவில்லை. ஒரு கரண்டிக் கிச்சடிக்கு எந்த மொழி, எந்த மாநிலம் என்று எப்படித் தீர்மானிப்பது? அதில் இருக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து வயது கேட்டுப் பார்ப்பது ஒன்றே வழி என்று தோன்றியது.

முதலில் காய். நாம் வெள்ளரி என்று ஒரே பெயரால் அழைப்பவை உண்மையில் இரண்டு வெவ்வேறு இனங்கள். பேருந்து நிலையங்களில் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் வெள்ளரியைப் பற்றி இங்கே பேச்சில்லை. எங்கள் பக்கம் கிச்சடிக்கும் புளிசேரிக்கும் ஆவது, பருத்து, பழுத்தால் பொன்னிறம் கொள்ளும் கனிவெள்ளரி. தாவரவியலார் கணக்கில் இது முலாம்பழத்தின் இனம், கியூகமிஸ் மெலோ. சாலட் வெள்ளரிக்கு 7 இணைக் குரோமோசோம்கள், இதற்கு 12. இரண்டையும் ஒட்டி ஒரு கலப்பினம் எளிதில் உருவாக்கிவிட முடியாத அளவுக்குத் தூரத்து உறவு. முலாம்பழ இனம் இந்தியாவில் ஒருமுறையும் ஆப்பிரிக்காவில் ஒருமுறையுமாக இருவேறு இடங்களில் மனிதனால் பழக்கப்படுத்தப்பட்டது என்று 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று நிறுவியது. ஆக இந்தக் காய் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. முற்றிய பழம் காம்பிலிருந்து தானாகக் கழன்றுவிடுவது முலாம்பழ இனத்தில் பல வகைகளுக்கு உள்ள குணம். ரிக் வேதத்தின் மிருத்யுஞ்சய மந்திரம் மரணத்திலிருந்து விடுபடுவதற்கு உவமையாகச் சொல்லும் 'உர்வாருகம்' இந்தக் குடும்பத்துக் காயே என்பார்கள்.

கனிவெள்ளரி என்ற பெயரிலும் ஒரு சுவையான மயக்கம் இருக்கிறது. சித்திரை விசுவன்று விடியலில் கண் திறந்ததும் காண வேண்டிய மங்கலக் காட்சி மலையாளத்தில் 'கணி'. கண் என்ற வேரோடு ஒட்டிய சொல். அதில் கொன்றைப்பூவுக்கும் கண்ணாடிக்கும் அருகே இந்த மஞ்சள் வெள்ளரி இருந்தாக வேண்டும். எங்கள் ஊர்களில் அது 'கனி காணுதல்' ஆகிவிட்டது. தட்டில் பழங்களும் இருப்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு புள்ளி எழுத்தில் காட்சி பழமாயிற்று.

இந்தக் காய் ஏன் சித்திரைக்குச் சரியாக வந்து நிற்கிறது என்பதற்கு விடை வயலில் இருக்கிறது. நாஞ்சில் நாட்டு நெல்லுக்கு இரண்டு பூ: கன்னிப்பூ, கும்பப்பூ. கும்பப்பூ அறுவடை மாசியை ஒட்டி முடியும். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து பாசனக் கால்வாய்களுக்கு வழக்கமாக ஜூன் தொடக்கம் முதல் பிப்ரவரி இறுதிவரைதான் தண்ணீர். அதன்பின் மடை அடைத்துவிடும். அறுத்த தாள் நிற்கும் வயலில் ஈரம் மட்டும் மிச்சமிருக்கும். அந்த ஈரத்தை நம்பி உளுந்தோ பயறோ போடுவார்கள். சில வயல்களில் தடமெடுத்து வெள்ளரி விதை ஊன்றுவார்கள். வயலிலேயே ஒரு குழி தோண்டி ஊற்று நீரைக் குடத்தில் மொண்டு காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். வண்டு வராமலிருக்க இலைமேல் அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். இரண்டு மாதத்தில் காய். மீண்டும் உழுது கன்னிப்பூ விதைப்பதற்குள் வெள்ளரி கதை முடிந்துவிடும். முற்றிய காய்களை வாழை நாரில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. என் சிறு வயதில் அடுக்களை உத்தரத்தில் அவை வரிசையாகத் தொங்கியதைப் பார்த்தபடி தூங்கியிருக்கிறேன்.

ஆகவே கிச்சடி, நெல் வயலின் மூன்றாம் பூ என்றே சொல்லலாம். மடை அடைத்திருக்கும் மாதங்களின் சமையல் அது.

அடுத்தது காரம். என் ஆர்வம் முழுவதும் இங்கேதான். இன்று பச்சைமிளகாய் இல்லாமல் கிச்சடியை நினைத்துப் பார்க்க இயலாது. ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் 1498இல் கள்ளிக்கோட்டையில் இறங்கியதற்குப் பிறகே அது இக்கரைக்கு வந்தது. அதற்கு முன் நம் நாக்குக்குத் தெரிந்த காரங்கள் மிளகு, இஞ்சி, திப்பிலி, கடுகு ஆகியவை. புதிதாக வந்த காய்க்குத் தமிழன் வேறு பெயர் தேடவில்லை. மிளகு போல் எரிக்கும் காய், ஆகவே மிளகாய். எங்கள் பேச்சில் இதைவிடத் துல்லியமான சான்று ஒன்று இன்றும் உயிரோடிருக்கிறது. கறுப்பு மிளகை நாங்கள் 'நல்லமிளகு' என்போம். நல்லது என்று ஒன்றைத் தனியே சொல்ல நேர்ந்தால், அதன் பெயரைப் பிடித்துக்கொண்ட இன்னொன்று உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள். அகராதிகள் எழுதாத ஒரு படையெடுப்பை ஓர் அடைமொழி பதிவு செய்து வைத்திருக்கிறது.

மிளகாயை நீக்கிவிட்டுக் கிச்சடியைப் பாருங்கள். கடுகு எஞ்சும். அந்தக் கடுகுதான் இதன் உயிர். கடுகின் நெடி முழு விதையில் இல்லை. விதை உடைந்து ஈரம் பட்டதும், அதுவரை தனித்தனி அறைகளில் இருந்த சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் சேர்ந்து, மூக்கைத் துளைக்கும் ஆவியொன்றை உண்டாக்குகின்றன. சூடு பட்டால் நொதி செத்துவிடும். அதனால்தான் தாளிதத்தில் பொரியும் கடுகு மணக்குமே தவிர மூக்கில் ஏறாது. இரண்டு கடுகும் ஒரே கிண்ணத்தில் சேரும் பண்டம் இது. என் அம்மை இதை வேதியியல் இல்லாமலேயே அறிந்திருந்தாள். தேங்காயும் பச்சைமிளகாயும் வெண்ணெயாக அரைபட்டபின், கடைசியில் கடுகைப் போட்டு அம்மிக் குழவியை இரண்டே இழுப்பு இழுப்பாள். "மக்களே, கடுகு சதைஞ்சா போரும், அரைஞ்சா கைக்கும்" என்பாள். வெள்ளரியைத் தோல் சீவி, குடல் நீக்கி, முனையை நறுக்கி நாவில் வைத்துக் கசப்பு பார்த்தபின் பொடியாக அரிந்து உப்பிட்டிருப்பாள். சிலர் அதை ஒரு கொதி வேகவைப்பதுண்டு. கோடையில் அம்மை வேகவைக்க மாட்டாள். பச்சையாகவே அரைப்பைச் சேர்த்து, அளவாகப் புளித்த தயிரை ஊற்றி, தேங்காய் எண்ணெயில் கடுகும் வத்தலும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவாள். பங்குனியில் மாங்காய் கிடைத்தால் அதிலும் ஒரு கைப்பிடி. மிக்சி வந்தபின் கடுகு அரைந்துதான் போகிறது.

பச்சைக் காயோடு காரமும் பாற்பொருளும் சேரும் இந்தச் சேர்க்கைக்கு இலக்கியத்தில் முன்னோடி உண்டா? நாஞ்சில் மலைக்குரிய வள்ளுவனைப் பாடிய புறநானூற்றுப் புலவர்களில் ஔவையும் ஒருவர். கீரைக்குத் துணையாகக் கொஞ்சம் அரிசி கேட்டதற்கு அவன் யானையைக் கொடுத்துவிட்டான் என்று அவனது கொடை மடத்தைப் பாடுகிறார். கிச்சடிக்கு அதில் இடமில்லை. ஆனால் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வரும் அந்தணர் இல்லத்து விருந்து வியப்பளிக்கிறது. பிஞ்சு மாதுளையைப் பிளந்து, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து, மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் இடுகிறார்கள். பக்கத்திலேயே மாவடு ஊறுகாய். அது தொண்டை நாடு, இது தென்கோடி; காயும் வேறு. இருந்தும் அந்தக் கையின் பழக்கம் ஒன்றேதான் என்பது என் எண்ணம். கடுகை மட்டும் அங்கே காணோம். சங்கப் பாடல்களில் ஐயவி என்னும் வெண்சிறுகடுகு புண்பட்ட வீரனின் வீட்டில் காவலுக்காகச் சிதறப்படுகிறது.

கடைசியாகப் பெயர். இலையிலுள்ள பண்டங்களில் கிச்சடியின் பெயர்தான் வடக்கத்தியது. 14ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த இபன் பதூதா, பாசிப்பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து நெய்யோடு காலையில் உண்ணும் கிச்சடியைக் குறிப்பிடுகிறார். கலவை என்ற பொருளைப் பற்றிக்கொண்டு அந்தச் சொல் தெற்கே வந்து, தமிழகத்தின் பிற பகுதிகளில் ரவையிலும், வேணாட்டில் தயிரிலும் குடியேறியது என்றே கருதுகிறேன். பண்டம் பழையது, பெயர் புதியது. இனிப்புத் தூக்கலாக இருந்தால் எங்களுக்குப் பச்சடி. கடுகு தூக்கலாக இருந்தால் கிச்சடி. என் நண்பர் ரவையைத் தேடியதில் தவறில்லை.

இனி அவருடைய கேள்வி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்காக நேசமணியின் தலைமையில் நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்டு 11இல் துப்பாக்கிச் சூடும் உயிர்ப்பலியும் நேர்ந்தன. மொழிக்காகக் கொடுத்த அந்த விலையை நான் குறைத்துப் பேசவில்லை. இன்று இந்த மாவட்டத்தில் தமிழ் கற்பித்துப் பிழைக்கிறேன். ஆனால் கோடு கிழித்தவர்களால் அடுக்களையைப் பிரிக்க முடியவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம். 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தலைநகராக இருந்த அந்த ஊரின் அரண்மனை ஊட்டுப்புரையில் பெரிய ஊறுகாய்ச் சாடிகள் இன்னும் இருக்கின்றன. அங்கே பந்தியிலிருந்தவர்களில் தமிழ் பேசியவர் எத்தனை பேர், மலையாளம் பேசியவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். வெள்ளரியும் கடுகும் எந்த மொழி எல்லைக்கும் மூத்தவை.

என் தந்தை வெள்ளரி போட்ட வயலில் இப்போது மனைக்கற்கள் நிற்கின்றன. விற்றவன் நான்தான்; அண்ணனும் நானுமாகக் கையெழுத்திட்டோம். தென்னைக்கும் வாழைக்கும் ரப்பருக்கும் வீட்டு மனைக்கும் போனது போக மிஞ்சிய வயல்களிலும், கும்பப்பூ அறுத்தபின் வெள்ளரிக்குக் குடம் சுமக்க ஆள் இல்லை. விசுவுக்கு முந்தைய நாள் வடசேரிச் சந்தையில் வெள்ளரி குவியலாக வந்து இறங்கும். இந்த ஆண்டு எந்த ஊர்க் காய் என்று கேட்டேன். வியாபாரி ஏறிட்டுப் பார்த்து, "காய் நல்ல காய் சாரே, ஊரெல்லாம் எதுக்கு?" என்றார். இரண்டு வாங்கினேன். ஒன்று தட்டில் கனியாக இருந்தது. மற்றதை மறுநாள் நானே அரிந்தேன். அம்மி இன்னும் கொல்லைப்புறத்தில்தான் கிடக்கிறது. கழுவி எடுத்து, கடுகை இரண்டு இழுப்பு இழுத்தேன். மகள் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு கண்களை இறுக மூடினாள்.