சிக்கனமும் கஞ்சத்தனமும்: அமெரிக்கச் சிறு கார்களின் வரலாறு

மனிதன் தான் பயன்படுத்திய பொருள்களுள் பலவற்றை மறந்துவிடுகின்றான். சிலவற்றையோ, அவை துருப்பிடித்து மறைந்த பின்னரும் அன்போடு நினைக்கின்றான். அமெரிக்க மக்கள் அவ்வாறு நினைத்துப் போற்றும் பொருள்களுள் ஒன்று, 1950ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அந்நாட்டில் செய்யப்பட்ட சிறு கார்கள். 'காம்பாக்ட்' என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். செறிவானது, அடக்கமானது என்பது அச்சொல்லின் பொருள். அந்தக் கார்களைத் தேடி எடுத்துப் பழுது பார்த்து, அவற்றுக்கெனச் சங்கமும் வைத்துப் பேணுவோர் இன்றும் அங்கு உளர்.

செல்வத்தின் சின்னமாகிய பெருங்கார்களை மக்கள் நினைவில் வைத்திருப்பது வியப்பன்று. மலிவான சிறு காரை நினைந்து உருகுவானேன்? இவ்வினாவுக்கு விடை தேடினால், சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாடு நமக்கு நன்கு விளங்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைகள் விமானமும் பீரங்கியும் செய்தன. 1945-இல் போர் முடிந்ததும், கார் கிடைத்தால் போதும் என்ற நிலையில் மக்கள் இருந்தனர். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று பெருங்கம்பெனிகளும் பெரிய கார்களையே செய்து விற்றன. பெரிய காரில் இலாபம் மிகுதி. ஜெனரல் மோட்டார்ஸ் சிறிய காரொன்றைச் செய்யத் திட்டமிட்டு, 1947-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே, சிறு காருக்கு வழி திறக்கும் பணி சிறு கம்பெனிகளின் தலையில் விழுந்தது.

அவற்றுள் ஒன்று நாஷ்-கெல்வினேட்டர். காரோடு குளிர்பதனப் பெட்டியும் செய்த கம்பெனி அது. அதன் தலைவர் ஜார்ஜ் மேசன், பெருங்கம்பெனிகளோடு பெரிய காரில் போட்டியிட்டால் தோல்வி உறுதி என்பதை உணர்ந்தவர். 1950ஆம் ஆண்டு ஏப்ரலில் அவருடைய கம்பெனி 'ராம்ப்ளர்' என்னும் காரை வெளியிட்டது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 100 அங்குலமே இருந்தது. விலை 1,808 டாலர்.

இங்கே மேசன் கையாண்ட முறை கருதத்தக்கது. சிறிய காரை மக்கள் 'ஏழையின் வண்டி' என்று எள்ளக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, முதலில் வந்த ராம்ப்ளர், மேற்கூரையைப் பின்னுக்குச் சுருட்டக்கூடிய அழகிய காராக அமைந்தது. பிற கார்களில் தனிப் பணம் கொடுத்துப் பெறவேண்டிய வானொலியும், குளிர்காலத்தில் வெப்பம் தரும் கருவியும் இதன் விலையிலேயே அடங்கின. குறைந்த இரும்பும் குறைந்த பெட்ரோலும் போதும் என்றது அந்தக் கார். அதில் ஏறுபவரின் மதிப்பைக் குறைக்கவில்லை.

அதே ஆண்டில் வேறொரு சிறு கார் வந்தது. போர்க்காலத்தில் கப்பல்களை விரைந்து கட்டிப் புகழ்பெற்ற ஹென்றி கைசர் தம் பெயரையே அதற்கு இட்டு, 'ஹென்றி ஜே' என்றார். அரசாங்க நிறுவனமொன்று அவருக்குக் கடன் கொடுத்திருந்தது. 1,300 டாலருக்கு மேற்படாத விலையில் ஒரு கார் செய்யவேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. விலையைக் குறைக்க வேண்டி ஒவ்வொன்றாக நீக்கினர். தொடக்கத்தில் வந்த மலிவான வகையில், பின்புறச் சாமான் அறைக்கு வெளிக்கதவு இல்லை. பின் இருக்கையைச் சாய்த்து உள்ளிருந்துதான் சாமான் வைக்கவேண்டும். முன்புறம் சிறு பொருள்கள் வைக்கும் பெட்டியும் இல்லை. சிறிது கூடுதல் பணம் கொடுத்தால் முழு அளவுள்ள செவ்ரோலெட் கார் கிடைக்கும்போது, தம் வறுமையை ஊரறியச் செய்யும் காரை யார் விரும்புவர்? 1954-இல் ஹென்றி ஜே நின்றுபோயிற்று.

இரண்டும் சிறியவை, ஏறத்தாழ ஒரே காலத்தவை. ஒன்று சிக்கனம், மற்றொன்று கஞ்சத்தனம். தேவையற்றதை நீக்குவது சிக்கனம். தேவையானதையும் நீக்குவது கஞ்சத்தனம். முன்னதை மக்கள் வாங்கினர், பின்னதை ஒதுக்கினர்.

1954-இல் நாஷ் கம்பெனியும் ஹட்சன் கம்பெனியும் இணைந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆயின. அவ்வாண்டு அக்டோபரில் மேசன் காலமானார். அவருக்குப் பின் தலைமை ஏற்றவர், பிற்காலத்தில் மிச்சிகன் மாநில ஆளுநரான ஜார்ஜ் ராம்னி. பெருங்கார்களை அவர் மண்ணில் மறைந்த பழங்காலப் பெருவிலங்குகளுக்கு ஒப்பிட்டு எள்ளினார். அந்த எள்ளலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1959ஆம் ஆண்டின் காடிலாக் கார் 18 அடிக்கும் மேல் நீளம் உடையது. அதன் பின்புறத்தில் மீன் துடுப்பு போன்ற இறக்கைகள் உயர்ந்து நின்றன. ராம்ப்ளர் அமெரிக்கன் என்னும் சிறு காரோ 15 அடிக்குள் அடங்கியது.

1958-இல் அமெரிக்காவில் வணிக மந்தம் ஏற்பட்டது. பெருங்கம்பெனிகளின் விற்பனை சரிந்தபோது ராம்ப்ளரின் விற்பனை உயர்ந்தது. சிறிய ராம்ப்ளர் ஒன்று காடிலாக்கை விடாமல் துரத்தி வரும் நகைச்சுவைப் பாட்டொன்று அவ்வாண்டில் நாடெங்கும் ஒலித்தது. 1961-இல் செவ்ரோலெட், ஃபோர்டு ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக மூன்றாம் இடத்தை ராம்ப்ளர் பெற்றது.

இதற்குள் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் போன்ற அயல்நாட்டுக் கார்களும் அமெரிக்கச் சந்தையில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டன. பெருங்கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 1959ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலேயே மூன்றும் தத்தம் சிறு கார்களை வெளியிட்டன.

ஃபோர்டின் 'ஃபால்கன்', பின்னர்ப் பாதுகாப்பு அமைச்சரான ராபர்ட் மெக்னமாராவின் முயற்சியால் வந்தது. ஆறு பேர் அமரலாம். 90 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின். புதுமை என்று சொல்ல அதில் ஏதுமில்லை. அதுவே அதன் சிறப்பு. எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம். முதலாண்டிலேயே 4 இலட்சத்துக்கு மேல் விற்றது. 1964-இல் புகழ்பெற்ற 'மஸ்டாங்' காரை உருவாக்கியபோதும் ஃபால்கனின் உறுப்புகளே அடிப்படையாயின. கிரைஸ்லரின் 'வாலியண்ட்' காரிலோ எஞ்சினை 30 பாகை சாய்த்து வைத்தனர். அந்தச் சாய்ந்த எஞ்சின் உழைப்புக்குப் பெயர் பெற்றது. 1980களின் தொடக்கம் வரை கார்களில் இடம்பெற்றது.

மூன்றாவது, ஜெனரல் மோட்டார்ஸின் 'கோர்வேர்'. மூன்றிலும் துணிவான படைப்பு இதுவே. எஞ்சின் பின்புறத்தில் இருந்தது. அதைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டியதில்லை, காற்றே போதும். ஆனால் பாரமெல்லாம் பின்னால் இருந்தமையால், வளைவில் விரைந்து திரும்பினால் பின்பகுதி விலகிச் செல்லக்கூடும். அதைத் தணிக்க, முன் டயரில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காற்றும், பின் டயரில் 26 பவுண்டும் நிரப்பவேண்டும் என்றனர். இவ்வளவு வேறுபாட்டைச் சாதாரண ஓட்டுநர் நினைவில் வைத்திருப்பாரா? வண்டி வளைவில் சாய்வதைக் குறைக்கும் எஃகுத் தண்டு ஒன்றை முன்புறம் பொருத்தியிருக்கலாம். செலவு கருதி அது விடப்பட்டது. 1964ஆம் ஆண்டுக் கார்களில்தான் அது எல்லாவற்றிலும் வந்தது. 1965-இல் பின்சக்கர அமைப்பே மாற்றப்பட்டது.

அவ்வாண்டு நவம்பரில் ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர், அமெரிக்கக் கார்களின் ஆபத்தைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். அதன் முதல் அத்தியாயம் கோர்வேரைப் பற்றியது. கம்பெனி அவரைப் பின்தொடர ஒற்றர்களை அமர்த்தியது அம்பலமாயிற்று. 1966ஆம் ஆண்டு மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் கார்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1968 முதல் புதிய கார்களில் இருக்கைப் பட்டை கட்டாயமாயிற்று.

கோர்வேரை நேசிப்போர் வேறொன்றையும் எடுத்துக்காட்டுவர். 1972-இல் அரசாங்கத்தின் ஆய்வு, 1960 முதல் 1963 வரை வந்த கோர்வேர்கள் அக்காலத்தின் பிற கார்களைவிட மோசமானவை அல்ல என்று கூறிற்று. அதுவும் உண்மையே. ஆயினும், பிறரும் அவ்வாறே இருந்தனர் என்பது குற்றத்தைக் குறைக்குமேயன்றி, விட்டுப்போன தண்டைப் பொருத்திவிடாது. 1969ஆம் ஆண்டு மே மாதத்தில் கோர்வேர் உற்பத்தி நின்றது.

ராம்ப்ளர் என்னும் பெயரும் அதே 1969-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து மறைந்தது. ஃபால்கனும் வாலியண்டும் ஆண்டுக்காண்டு பருத்தன. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்தபோது, சிறு கார் வேண்டிய அமெரிக்கர் பலர் ஜப்பானிய வண்டிகளை நாடினர். 1976-இல் வாலியண்ட் முடிவுற்றது. 1987-இல் கிரைஸ்லர் அமெரிக்கன் மோட்டார்ஸை விலைக்கு வாங்கிற்று.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அமெரிக்கர் சிறு கார்களை நேசிப்பது அவை மலிவாயிருந்தமையால் அன்று. மலிவான ஹென்றி ஜேயை அக்கால மக்கள் ஒதுக்கிவிட்டனர் அன்றோ? எளிய குடும்பமும் தலைநிமிர்ந்து பயணம் செய்யலாம் என்ற மதிப்பை நல்ல சிறு கார்கள் அவர்களுக்குத் தந்தன. நினைவு அந்த மதிப்பைப் போற்றுகின்றது. வரலாறோ, விலையைக் குறைக்கும்போது எதைக் குறைத்தார்கள் என்று கணக்குக் கேட்கின்றது. இரண்டும் வேண்டும். நேசிப்பதனாலேயே குறையை மறைப்பது நேசத்துக்கும் அழகன்று.