தாய்ப்பாலின் கொழுப்பும் பால்மாவின் வரலாறும்

பாலூட்டும் காலத்தை நிறைவு செய்ய விரும்பும் பெற்றோருக்குத் திருக்குர்ஆன் இரண்டு ஆண்டுகளை வகுத்துத் தந்துள்ளது. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் அது. பாலூட்டும் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குவதும், தேவை ஏற்படின் வேறொரு பெண்ணைப் பாலூட்ட அமர்த்திக்கொள்ள அனுமதிப்பதும் அதே வசனமே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டிய ஹலீமா அம்மையாரை நாம் அறிவோம். ஒரு தாயின் பாலுக்கு இன்னொரு தாயின் பாலே அன்று மாற்றாக இருந்தது.

அவ்விடத்துக்குப் பால்மாவு வந்து ஏறத்தாழ 160 ஆண்டுகளே ஆகின்றன. ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1865இல் பசும்பாலுடன் கோதுமை மாவும் முளைதானிய மாவும் சேர்த்து ஒரு குழந்தை உணவை அறிவித்தார். 1867இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் நெஸ்லே தம் பால்மாவை விற்கத் தொடங்கினார். தாய்ப்பால் தரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. மாவு மிகுந்த அவ்வுணவுகளோ கொழுப்பில் குறைந்தவை. 1919இல் அமெரிக்க மருத்துவர் கெர்ஸ்டன்பெர்கர் மாட்டுக் கொழுப்பு, தேங்காய் எண்ணெய், மீன் எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து அக்குறையை நிரப்ப முயன்றார். பிற்காலப் பால்மாவுகளில் தாவர எண்ணெய்களே முதலிடம் பெற்றன.

நம் நாட்டின் சிக்கல் வேறு. இங்கே மிகுதியாகக் கிடைத்த எருமைப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு. தாய்ப்பாலிலோ 4 விழுக்காட்டை ஒட்டியது. 1950களில் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை உருவாக்கியது. குஜராத்தின் கூட்டுறவுச் சங்கம் அதனை அமுல் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கொழுப்பின் அளவைச் சமன்செய்த பின்னரும் ஒரு வேறுபாடு நீடித்தது. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. தாவர எண்ணெய் சேர்த்த பால்மாவில் அது மிகச் சொற்பம். ஆகவே தாய்ப்பால் அருந்தும் குழந்தையின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடுதலாகவே காணப்படும். கொலஸ்ட்ரால் என்றதும் அஞ்சும் பெற்றோர் இதனைத் தெளிவாக உணர வேண்டும்: வளரும் மூளைக்கும் நரம்புகளுக்கும் அது இன்றியமையாதது.

2002இல் பிரிட்டனின் ஓவன் குழுவினர் 37 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். தாய்ப்பால் பருகியோருக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் கூடுதலாக இருந்த கொலஸ்ட்ரால், வளர்ந்த பின் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாக இருந்ததை அவர்கள் கண்டனர். அவ்வேறுபாடு சிறியது, அதனை மிகைப்படுத்தல் நேர்மையன்று. பெலாரஸ் நாட்டில் 17,000 குழந்தைகளை உள்ளடக்கிய பேராய்வு, தாய்ப்பாலூட்டலை ஊக்குவித்ததால் பதினொன்றரை வயதில் இதயநோய்க்கான அபாயக் காரணிகள் குறைந்ததாகக் காணவில்லை.

தாய்ப்பாலின் சிறப்பு கொலஸ்ட்ரால் கணக்கை மட்டும் நம்பி நிற்பதன்று. வயிற்றுப்போக்கு முதலிய தொற்றுகளிலிருந்து அது குழந்தையைக் காக்கிறது. பொருத்தமற்ற டின் பாலால் குழந்தைகள் மடிவதை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இலேயே சிங்கப்பூரில் கண்டித்து உரையாற்றினார். 1981இல் உலக சுகாதார அமைப்பு விற்பனை நெறிமுறையை ஏற்றது. 1992இல் இந்தியா சட்டமியற்றிப் பால்மாவு விளம்பரங்களைத் தடை செய்தது.

தமிழக அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் அமைந்தபோது தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அவற்றில் இடம்பெற்றது. குறைமாதக் குழந்தைகளுக்கு அது பேருதவி. எனினும் பால்குடி உறவு திருமணத்தைத் தடுக்கும் என்பதால், 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இத்தகைய வங்கிகளை ஏற்கவில்லை. யூசுஃப் அல்கர்ளாவி போன்றோர் அனுமதித்துள்ளனர். அந்நிலையை எதிர்கொள்ளும் குடும்பத்தார் மருத்துவரிடமும் ஆலிம்களிடமும் கலந்தறிவது நலம்.

கம்பம், உத்தமபாளையம், போடிப் பகுதிகளிலிருந்து பெண்கள் விடியலில் ஜீப்பேறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். கைக்குழந்தையை வீட்டில் விட்டுச் செல்லும் தாய் புட்டியை நாடுவது அவள் குற்றமன்று. அவளுக்கு ஓய்வும் உணவும் கிடைக்கச் செய்வது தந்தையின் கடமை. அவனால் இயலாதபோது உறவினரும் ஜமாஅத்தும் தோள் கொடுக்க வேண்டும். தாயிடம் பால் கேட்கும் குழந்தையின் உரிமை, அத்தாயைத் தாங்குவோரின் கையில்தான் இருக்கிறது. அல்லாஹ் நன்கறிந்தவன்.