பிலிமைக் காப்பாற்றிய கணினி

டிஜிட்டல் வந்தது, பிலிம் ஒழிந்தது... பொதுவாகச் சொல்லப்படும் கதை இவ்வளவுதான். ஆனால் 1990களில் அமெரிக்க இயற்கைக் காட்சிப் புகைப்படக்காரர்கள் சிலருக்கு நடந்தது இதற்கு நேர்மாறு.

அவர்கள் பயன்படுத்தியது 4க்கு 5 அங்குலத் தாள் பிலிம். கேமராவை முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்து, ஒரு தாளுக்கு ஒரே ஒரு படம். எடுப்பதில் குறையில்லை. சிக்கல் அச்சிடுவதில்தான்! வண்ண அச்சில் அன்று உச்சமாகக் கருதப்பட்டது கோடக்கின் டை டிரான்ஸ்பர் முறை. சயான், மெஜந்தா, மஞ்சள் என மூன்று சாயங்களுக்கும் தனித்தனி அச்சுப் பிலிம் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதத்தில் ஒற்றி எடுக்க வேண்டும். இம்மி பிசகினாலும் வீண். எலியட் போர்ட்டரின் புகழ்பெற்ற காட்டுப் படங்கள் இப்படி அச்சானவைதான். 1994இல் கோடக் இதற்கான பொருட்களின் தயாரிப்பையே நிறுத்தியது. யோசெமிட்டியைப் படமெடுத்துவந்த சார்லஸ் கிரேமர் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் பழகிய கைத்தொழிலுக்கு மூலப்பொருளே இல்லாமல் போனது.

சரி, டிஜிட்டல் கேமராவுக்கு மாறியிருக்கலாமே? அதே 1994இல் கோடக் கொண்டுவந்த டிசிஎஸ் 420 கேமராவில் சுமார் 15 லட்சம் பிக்சல்கள். 4க்கு 5 தாளை அங்குலத்துக்கு 2000 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 8 கோடி! (கணக்குப் போட்டுப் பாருங்கள்.) ஆகவே கேமரா மாறவில்லை, இருட்டறைதான் மாறியது.

கைகொடுத்தது அச்சுத்தொழிலில் இருந்த டிரம் ஸ்கேனர். கண்ணாடி போன்ற அக்ரிலிக் உருளையில் பிலிமைத் திரவம் தடவி ஒட்டிவிடுவார்கள். உருளை வேகமாகச் சுழல, ஒளிப்பெருக்கிக் குழாய்கள் புள்ளி புள்ளியாகப் படிக்கும். ஸ்லைடின் அடர்ந்த நிழலுக்குள் இருக்கும் விவரம்கூடத் தப்பாது. பிறகு போட்டோஷாப்பில் திருத்தம். கடைசியாக லைட்ஜெட் என்ற இயந்திரம் சிவப்பு, பச்சை, நீல லேசர்களால் படத்தைப் புகைப்படத் தாளிலேயே வரையும். அந்தத் தாளை வழக்கம்போல ரசாயனத்தில் கழுவ வேண்டும். ஆக, இரு முனையிலும் ரசாயனம், நடுவில் மட்டும் கணினி!

பாடகர் கிரகாம் நாஷ் 1991இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நாஷ் எடிஷன்ஸ் இன்னொரு வழியைக் காட்டியது. அச்சகங்களில் மாதிரி பார்க்கப் பயன்பட்ட ஐரிஸ் இங்க்ஜெட் இயந்திரத்தில் கலைப்படங்களையே அச்சிட்டார்கள். தொடக்கத்தில் அந்த மை சீக்கிரம் மங்கியது. நிறமி மைகள் வந்த பிறகே அந்தக் குறை பெருமளவு தீர்ந்தது.

இப்போது நிலைமை தலைகீழ். 4க்கு 5 பிலிமைக் கோடக்கும் இல்ஃபோர்டும் இன்றும் தயாரிக்கின்றன. டிரம் ஸ்கேனர்களையோ பெரிய நிறுவனங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டன. மிச்சமிருக்கும் பழைய இயந்திரங்கள், பழுதானவற்றிலிருந்து கழற்றிய பாகங்களால்தான் ஓடுகின்றன.