கூலிப்படை: கெலமங்கலத்திலிருந்து ஒரு பார்வை

'கூலிப்படை' என்ற சொல்லைச் செய்தித்தாளில் கண்டதும் நம் மனத்தில் எழுவது வீச்சரிவாளும், எண் மறைத்த இருசக்கர வாகனமும்தான். அச்சொல் ஒரு காலத்தில் இழிவின்றிப் புழங்கியதை மறந்துவிட்டோம். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர், அறுவகைப் படைகளை எண்ணுகையில் மூலப்படைக்கு அடுத்து வைப்பது கூலிப்படையை. வழிவழி வந்தவன் மூலப்படை. ஊதியத்துக்கு வந்தவன் கூலிப்படை. சிறப்பு முன்னதற்கு என்றாலும் பின்னது குற்றமன்று.

ஸ்பானிய மொழியில் இதற்கு ஈடான சொல் 'சிகாரியோ'. லத்தீன் மொழியில் 'சிகா' என்றால் குறுவாள். கி.மு. 81இல் சுல்லா இயற்றிய கொலைச் சட்டத்தின் பெயரிலேயே சிகாரிகள் இருக்கிறார்கள். முதல் நூற்றாண்டில் எருசலேமின் கூட்ட நெரிசலில் ஆடைக்குள் குறுவாள் மறைத்துத் திரிந்தவர்களுக்கும் அதே பெயர்தான். அவர்களோ ரோமை எதிர்த்த கொள்கைக்காரர்கள். இன்று அச்சொல்லுக்குக் கூலிக்குக் கொல்பவன் என்பதே பொருள். குறுவாள் துப்பாக்கியாயிற்று. 1919 முதல் 1923 வரை பார்சிலோனாவில் ஆலை முதலாளிகள் தரப்பிலும் தொழிற்சங்கத் தரப்பிலும் துப்பாக்கியாளர்கள் இருந்தனர். தொழிற்சங்கத் தலைவர் சல்வதோர் செகீ 1923 மார்ச்சில் தெருவில் சுடப்பட்டு இறந்தார். 1984 ஏப்ரல் 30 அன்று கொலம்பிய நீதி அமைச்சர் ரொத்ரிகோ லாரா பொனீயாவைச் சுட்டவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். அதன்பின் மெதெயீன் நகரத்துச் சேரிச் சிறுவர்களின் முகமே அச்சொல்லுக்கு முகமாகிவிட்டது. பெர்னாந்தோ வாயேகோ 1994இல் அவர்களைப் பற்றி நாவலே எழுதினார்.

இவற்றையெல்லாம் கெலமங்கலத்திலிருந்து எண்ணிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1792 உடன்படிக்கைப்படி பாராமகால் கும்பினிக்குப் போனபோதும், மலைக்கு மேலிருந்த ஓசூர்ப் பகுதி திப்பு சுல்தானிடமே நின்றது. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியே ஏறிவந்து முகாமிட்டது இந்தக் கெலமங்கலத்தில்தான். நிஜாமின் படைப்பிரிவும் உடன் வந்தது. அதை நடத்தியவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்து வெலிங்டன் பிரபு. அம்முகாமில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். மாதச் சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கியவர்கள். அரிசி மூட்டைகளை எருதுகளில் ஏற்றிவந்த பஞ்சாரர்களும் கூலிக்கு வந்தவர்களே. பாரம் இழுத்த எருதுகள் வழியெல்லாம் மடிந்தன. படை ஊர்ந்தே போயிற்று. எதிரே நின்ற மைசூர் வீரர்களும் சம்பளக்காரர்கள். யாரைக் கூலிப்படை என்பது? பரிமேலழகரின் அளவுகோலைக் கொண்டால் இரு தரப்பையுமே அப்படித்தான் சொல்ல வேண்டும்.

மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. நமக்கு உண்மையில் அக்கறையூட்டுவது அதற்குப் பிறகு நடந்தவை. திப்புவின் வீரர்களுக்குச் சம்பளம் தர ஆளில்லை. கலைக்கப்பட்டவன் துப்பாக்கியோடு ஊர் திரும்பி என்ன செய்வான்? தூந்தியா வாக் என்பவன் திப்புவின் சிறையிலிருந்து வெளிப்பட்டு, அவர்களில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டினான். கும்பினி அவனைக் கொள்ளைக்காரன் என்றது. பின்னாளைய எழுத்தாளர் சிலர் விடுதலை வீரன் என்கின்றனர். அவனைப் பின்தொடர்ந்த வீரனை எப்பெயரால் அழைப்பது என்ற கேள்வி இரு தரப்பாருக்கும் எழவில்லை என்பதே நம் வருத்தம். முந்தைய ஆண்டுவரை அரசாங்கப் படைவீரனாக இருந்தவன் அவன். மாறியது அவன் தொழிலன்று, கூலி தருபவர் மட்டுமே. 1993 டிசம்பரில் எஸ்கோபார் கொல்லப்பட்ட பின் மெதெயீன் சிறுவர்களின் நிலையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. வேறு கும்பல்கள் அவர்களை வாங்கிக்கொண்டன.

1800 செப்டம்பர் 10 அன்று கோணகல்லில் வெல்லெஸ்லியின் குதிரைப்படை தூந்தியாவை வெட்டி வீழ்த்தியது. போர்க்களத்துச் சாமான்களிடையே அவனுடைய சிறுபிள்ளை சலாபத் கான் அகப்பட்டான். வெல்லெஸ்லி அவனைத் தம் கூடாரத்துக்குக் கொண்டுவந்து வளர்த்தார். இந்தியாவை விட்டுப் புறப்படும்போது அவன் பராமரிப்புக்கென்று பணமும் வைத்துச் சென்றார்.