ஆயுள் தண்டனைன்னா எத்தனை வருஷம்? – வெள்ளிமலை டீக்கடையில் கேட்ட மூணு பதில்

இந்த எபிசோடுக்கான கேள்வி எனக்குக் கிடைச்ச இடம் வெள்ளிமலை. கல்வராயன் மலை மேல இருக்கிற ஊர். கச்சிராயபாளையம் தாண்டி வளைஞ்சு வளைஞ்சு ஏறினா வரும். பைக்கை நிறுத்திட்டு டீ சொல்லிட்டு உட்கார்ந்தேன். பக்கத்துல ரெண்டு பேர் கள்ளச்சாராயச் சட்டத்தைப் பத்திப் பேசிட்டிருந்தாங்க.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச் சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாசமே சட்டமன்றத்துல மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தினாங்க. கள்ளச்சாராயத்தால உயிர் போனா, அதைக் காய்ச்சி வித்தவங்களுக்கு ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். பேச்சு அதைப் பத்திதான்.

ஒருத்தர் சொன்னார்: "ஆயுள்னா பதினாலு வருஷம்தானே, அப்புறம் தானா விட்டுருவாங்க." இன்னொருத்தர்: "அட போங்கண்ணே, இருவது வருஷம்." டீ ஆத்திக்கிட்டிருந்த கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "சாவுற வரைக்கும்ப்பா."

மூணு பேர், மூணு பதில். வேடிக்கை என்னன்னா, மூணு பதிலுக்குமே பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

இருபது

இந்த இருபதோட கதை சிறையில ஆரம்பிக்கல, கப்பல்ல ஆரம்பிக்குது. வெள்ளைக்காரன் காலத்துல ஆயுள் தண்டனைன்னா நாடுகடத்தல். கடல் தாண்டி அனுப்பிடுவாங்க. 1825-ல பென்கூலன்ல இருந்து சிங்கப்பூருக்குக் கைதிகளைக் கொண்டு வந்தப்போ, அதுல சென்னை மாகாணத்து ஆட்களும் இருந்தாங்க. இன்னிக்கு நாம டூர் போய் செல்ஃபி எடுக்கிற புனித ஆண்ட்ரூ தேவாலயம், அதிபர் மாளிகை இஸ்தானா, ரெண்டையும் கட்டினதுல இந்தியக் கைதிகளோட உழைப்பு இருக்கு.

அங்கே ஒரு முறை இருந்தது. பல வருஷம் ஒழுங்கா நடந்துக்கிட்ட கைதிக்கு ஒரு சீட்டு கொடுப்பாங்க. அதை வெச்சுக்கிட்டு வெளியே தங்கலாம், சம்பாதிக்கலாம், ஆனா கண்காணிப்புலதான் இருக்கணும். நாம இன்னிக்கு பரோல்னு சொல்ற விஷயத்தோட முப்பாட்டன் அந்தச் சீட்டுதான். 1873-ல சிங்கப்பூர் குடியிருப்பை மூடினாங்க. மிச்சம் இருந்தவங்க அந்தமானுக்குப் போனாங்க.

சரி, இருபதுங்கிற எண் எங்கிருந்து வந்தது? 1860 இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 57. தண்டனையில பாதி, கால் பங்குனு கணக்கு போட வேண்டி வந்தா, ஆயுளை இருபது வருஷமா எடுத்துக்கோன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். கணக்குக்கு ஒரு மதிப்பு, விடுதலைக்குத் தேதி இல்லை. நம்ம பாஷையில சொன்னா, வகுக்கும்போது எர்ரர் வரக் கூடாதுன்னு வெச்ச எண். ஆனா அதுதான் மக்கள் மனசுல தங்கிடுச்சு. 1908-ல வ.உ.சி.க்கு ரெட்டை ஆயுள் விழுந்தப்போ எல்லாரும் அதை நாற்பது வருஷம்னுதான் புரிஞ்சுக்கிட்டாங்க. மேல்முறையீட்டுல தண்டனை குறைஞ்சு, 1912 டிசம்பர்ல வெளியே வந்தார்.

சுதந்திரத்துக்கு அப்புறம், 1956-ல இருந்து 'நாடுகடத்தல்'ங்கிற வார்த்தை போய் 'ஆயுள் சிறை' வந்துச்சு. 1961-ல ஒரு கைதி சுப்ரீம் கோர்ட் போனார். கழிவு நாட்களோட சேர்த்து இருபது வருஷம் முடிஞ்சாச்சு, என்னை விடுங்கன்னு கேட்டார். யார் தெரியுமா? காந்தி கொலை வழக்குல ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே. கோர்ட் சொன்ன பதில் சுருக்கம்: ஆயுள்னா மிச்ச வாழ்நாள் முழுக்க. முன்கூட்டியே விடறதும் விடாததும் அரசாங்கத்தோட முடிவு. 1964-ல அரசாங்கமே அவரை விட்டுச்சு.

ஆக, சட்டப்படி டீக்கடைக்காரர் சொன்னதுதான் சரி.

பதினாலு

அப்போ பதினாலு எங்கிருந்து வந்தது? 1978-ல குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 433ஏ-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. சில மாநிலங்கள்ல ஆயுள் கைதிகளை ரொம்ப சீக்கிரமா விட்டுடறாங்கன்னு குறை இருந்தது. அதனால, மரண தண்டனைக்கும் வாய்ப்பு இருக்கிற குற்றத்துல ஆயுள் வாங்கினவங்களையும், தூக்கு ஆயுளா குறைஞ்சவங்களையும் குறைஞ்சது பதினாலு வருஷம் உள்ளே இருக்காம விடக் கூடாதுன்னு சட்டம் வந்தது. இப்போ புதுச் சட்டத்துல அதே விஷயம் பிரிவு 475.

கவனிச்சீங்களா? பதினாலு முடிஞ்சா கதவு திறக்கும்னு அதுல எங்கேயும் இல்லை. அதுக்கு முன்னாடி திறக்காதுன்னுதான் இருக்கு. அது கதவு இல்லை, கதவுக்கு முன்னாடி இருக்கிற சுவர். சுவரைத் தாண்டினவுடனே நன்னடத்தை அலுவலர் அறிக்கை, போலீஸ் அறிக்கை, ஆலோசனைக் குழு, அரசாணைன்னு ஒரு வரிசை நிக்குது.

இதுல ஒரு நுணுக்கம். புது மதுவிலக்குத் திருத்தத்துல அதிகபட்சமே ஆயுள்தான், தூக்கு கிடையாது. அப்போ அந்தச் சட்டத்துல மட்டும் தண்டனை வாங்கினவருக்கு இந்தப் பதினாலு வருஷ சுவர் பொருந்தாது. டீக்கடையில முதல்ல பேசினவர் பேசின வழக்குக்கே அவரோட எண் பொருந்தலை!

ஏழு, பத்து: பிறந்தநாள் கணக்கு

இப்போ நம்ம ஊர் கதைக்கு வருவோம். 1980-ல மாரு ராம் வழக்குல சுப்ரீம் கோர்ட் 433ஏ செல்லும்னு சொன்னது. ஆனா அரசியல் சாசனம் 161-வது பிரிவு ஆளுநருக்குக் கொடுத்த அதிகாரத்தை அது தொடாதுன்னும், அந்த அதிகாரத்தை அமைச்சரவை சொல்றபடிதான் பயன்படுத்தணும்னும் சேர்த்துச் சொன்னது. அதாவது அரசியல் சாசனம் வழியா போனா பதினாலுக்கு முன்னாடியும் விடலாம்.

தமிழ்நாடு அந்த வழியை நல்லாவே பயன்படுத்துச்சு. 2008 செப்டம்பர் 15, அண்ணா நூற்றாண்டு. ஏழு வருஷம் முடிச்ச ஆயுள் கைதிகள் 1,405 பேர் ஒரே அரசாணையில வெளியே வந்தாங்க. 2018-ல எம்.ஜி.ஆர். நூற்றாண்டு. இந்த முறை பத்து வருஷம் முடிச்சவங்க.

இதுல எத்தனையோ குடும்பத்துக்கு நிஜமான விடிவு கிடைச்சது. அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. மதுரை மாவட்டம் மேலவளவு. தனி ஊராட்சியான அங்கே தலைவரா ஜெயிச்ச முருகேசனையும் அவரோட இருந்தவங்களையும் 1997 ஜூன் 30-ல ஓடற பஸ்ஸை மறிச்சு வெட்டிக் கொன்னாங்க. 17 பேருக்கு ஆயுள். அதுல மூணு பேர் அண்ணா நூற்றாண்டுல வெளியே வந்தாங்க, 13 பேர் 2019 நவம்பர்ல எம்.ஜி.ஆர். நூற்றாண்டு அரசாணையில வந்தாங்க. செத்தவங்களோட வீட்டு ஆட்கள் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி: எங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?

இதையும் பாருங்க. 2000 பிப்ரவரி 2-ல தருமபுரியில பஸ்ஸை எரிச்சதுல கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூணு பேர் இறந்தாங்க. அதுல தூக்கு விழுந்து, பிறகு ஆயுளா குறைஞ்ச மூணு பேரோட கோப்பு ஆளுநர்கிட்ட போச்சு. 2018 நவம்பர் 19-ல அவங்க வெளியே வந்துட்டாங்க. அதே வருஷம் செப்டம்பர் 9-ல ராஜீவ் காந்தி கொலை வழக்கு ஏழு பேரை விடணும்னு அமைச்சரவை தீர்மானம் போட்டு அதே ஆளுநர் மாளிகைக்கு அனுப்புச்சு. அந்தக் கோப்பு ரெண்டு வருஷத்துக்கு மேல அங்கேயே இருந்து, 2021-ல குடியரசுத் தலைவருக்குப் போச்சு. கடைசியில 2022 மே 18-ல சுப்ரீம் கோர்ட்டே 142-வது பிரிவைப் பயன்படுத்தி பேரறிவாளனை விட்டது. மீதி ஆறு பேரையும் விடச் சொல்லி நவம்பர் 11-ல உத்தரவு போட்டது. 19 வயசுல உள்ளே போனவர் 50-ல வெளியே வந்தார்.

யாரை விடணும், யாரை விடக் கூடாதுன்னு நான் இங்கே தீர்ப்பு சொல்ல வரலை. ஒரே அலுவலகம், ஒரே வருஷம், ரெண்டு கோப்பு. ஒண்ணு சில மாசத்துல முடியுது, இன்னொண்ணு வருஷக்கணக்கா தூங்குது. எனக்கு உறுத்தறது அதுதான்.

பரோல் வேற, விடுதலை வேற

நிறைய பேர் இங்கே குழப்பிக்கிறாங்க. அமெரிக்கப் படத்துல வர்ற பரோல்ங்கிறது மிச்ச தண்டனையை வெளியே, கண்காணிப்புல கழிக்கிறது. நம்ம ஊர்ல பரோல்னு சொல்றது லீவு. 1982-ல தமிழ்நாடு இதுக்குத் தனி விதிகளே போட்டுச்சு. சாவு, கல்யாணம், கடுமையான நோய்னா அவசர விடுப்பு. மூணு வருஷம் உள்ளே முடிச்சவங்களுக்குச் சாதாரண விடுப்பு. முடிஞ்சதும் திரும்ப உள்ளே போகணும்.

பேரறிவாளன் 26 வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையா வீட்டு வாசல்படி மிதிச்சது 2017 ஆகஸ்ட்ல, உடம்பு சரியில்லாத அப்பாவைப் பார்க்க. 2019-ல நளினி மகளோட கல்யாண ஏற்பாட்டுக்காக உயர் நீதிமன்றத்துல தானே நின்னு வாதாடி ஒரு மாசம் வாங்கினார். நாடே பேரைத் தெரிஞ்சு வெச்சிருக்கிற, வக்கீல்கள் இருக்கிற கைதிகளுக்கே இந்த நிலைமை.

இப்போ வெள்ளிமலைக்குத் திரும்பி வருவோம். மலைக் கிராமத்துல இருந்து ஒருத்தர் கடலூர் மத்திய சிறையில இருக்கார்னு வெச்சுக்கோங்க. மனு பார்க்கணும்னாலே மலை இறங்கி, கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, பண்ருட்டின்னு பஸ் மாறிப் போகணும். போக ஒரு நாள் கூலி, வர ஒரு நாள் கூலி. லீவுக்கு எழுதிப் போட்டா, ஊர்ல விசாரிச்சு போலீஸும் நன்னடத்தை அலுவலரும் அறிக்கை தரணும். பிணை எழுதித் தர ஆள் வேணும். தலைமுறையா உழுற நிலத்துக்கே பட்டா இல்லாத ஆட்கள் எந்தக் காகிதத்தைக் காட்டிப் பிணை நிப்பாங்க? விதிப் புத்தகத்துல எல்லாருக்கும் ஒரே விதிதான். ஆனா அந்த விதி ஓடணும்னா காகிதம், காசு, வக்கீல் மூணும் வேணும்.

நல்லவேளையா ஒரு திருப்பம். 2022-ல உத்தரப் பிரதேச வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் சொன்னது: தகுதி வந்தவங்க மனு போட்டாலும் போடாட்டாலும் அரசாங்கமே பரிசீலிக்கணும். 2025 பிப்ரவரியில, கொள்கை வெச்சிருக்கிற எல்லா மாநிலத்துக்கும் இதைப் பொதுவாக்குச்சு. மலைக் கிராமத்துக் குடும்பத்துக்கு இது ரொம்பப் பெரிய விஷயம். மனு எழுதத் தெரியாததே ஒரு தண்டனையா இருக்கக் கூடாது.

வெளியே வந்தா என்ன பண்ணுவாங்க?

எல்லார் மனசுலயும் இருக்கிற பயம் இதுதான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல 2011-ல ஒரு ஆய்வு வந்தது. 1995-க்கு அப்புறம் கலிபோர்னியாவுல பரோல்ல விடப்பட்ட கொலைக் கைதிகள் 860 பேரைப் பார்த்தாங்க. புதுக் குற்றத்துக்காகத் திரும்ப உள்ளே போனவங்க ஐந்தே பேர். அதுல ஒருத்தர்கூட கொலைக்காகப் போகலை. வயசு ஏற ஏற கை தணியுதுன்னு நம்ம பாட்டிகளுக்கே தெரியும்.

ஆனா அந்த எண்ணை அப்படியே தூக்கிட்டு வந்து நம்ம நூற்றாண்டு விழாவுக்கு ஒட்ட முடியாது. கலிபோர்னியாவுல ஒவ்வொருத்தரையும் ஒரு வாரியம் உட்கார வெச்சுக் கேள்வி கேட்டு, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் பேச வாய்ப்பு கொடுத்து, காரணம் சொல்லித்தான் முடிவெடுக்குது. அந்த 860 அப்படிச் சலிச்சு எடுத்த எண். காரணம் சொல்லாம, கேட்க வேண்டியவங்களைக் கேட்காம விட்டா என்ன ஆகும்னு பில்கிஸ் பானு வழக்கு காட்டுச்சு. 2022 ஆகஸ்ட் 15-ல குஜராத் அரசு விட்ட 11 பேரை, அந்த அதிகாரமே குஜராத்துக்கு இல்லைன்னு சொல்லி 2024 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் திரும்ப உள்ளே அனுப்புச்சு.

நான் கேட்கிறது ரெண்டே விஷயம். ஆள் மாறியிருக்காரான்னு தனித்தனியா பாருங்க. விட்டாலும் விடாட்டாலும் காரணத்தை எழுதுங்க. உள்ளே இருக்கிறவரும், அவரால ஆளை இழந்த வீடும், ரெண்டு பேருமே படிக்கிற மாதிரி எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. கல்வராயன் மலை ரொம்ப காலம் மூணு ஜாகிர்தார்கள் கையில இருந்தது. ஜனங்க அவங்களுக்குச் சம்பளமில்லாம ஊழியம் செஞ்சாங்க. ஜாகிர் ஒழிஞ்சு மலை அரசாங்கத்துக்கு வந்தது 1976 ஜூன்ல. நாடு விடுதலையாகி 29 வருஷம் கழிச்சு. விடுதலைங்கிறது தானா வராது, யாரோ ஒருத்தர் கோப்பை நகர்த்தினாத்தான் வரும்னு இந்த மலைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

டீக்கு 12 ரூபாய் கொடுத்துட்டுக் கிளம்பறப்போ கடைக்காரர்கிட்ட, "அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி"ன்னேன். "எது?"ன்னு கேட்டார். அவர் அதை எப்பவோ மறந்துட்டார்.