தாய் சி (நாள்பட்ட நுரையீரல் நோயில்)

சீனத் தற்காப்புக் கலைகளுள் ஒன்றான தாய் சி, முழங்காலைச் சற்றே மடக்கி, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றியபடி, மூச்சோடு இயைந்து செய்யப்படும் தொடர் அசைவுகளால் ஆனது. 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, தாய் சியின் மரபுகளுள் ஒன்றான யாங் மரபிலிருந்து 24 அசைவுகள் கொண்ட எளிய வடிவமொன்றை வகுத்தது.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், அதாவது புகைப்பழக்கத்தாலோ அடுப்புப் புகையாலோ மூச்சுக்குழல்கள் குறுகி, உள்ளிழுத்த காற்று முழுதும் வெளியேறாமல் தேங்கும் நிலையில், மூச்சிரைப்புக்கு அஞ்சி நோயாளி நடமாட்டத்தைக் குறைக்க, தொடைத் தசைகள் நலிந்து, முன்பைவிடச் சிறிய உழைப்புக்கே மூச்சுத் திணறல் தோன்றுகிறது. இச்சுழலை முறிக்கும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்குக் கருவிகளும் தேர்ந்த பயிற்சியாளரும் வேண்டியிருக்க, ஆசிரியரிடம் ஒருமுறை கற்ற தாய் சிக்கு வீட்டு முற்றமே போதும். கிராமங்களுக்கு இதுவே அதன் பெரும் வலிமை எனலாம்.

2018-இல் 'செஸ்ட்' இதழில் வெளியான ஆய்வில், சீனாவைச் சேர்ந்த 120 நோயாளிகள் அனைவருக்கும் மூச்சுக்குழல் விரிப்பு மருந்து தரப்பட்டு, ஒரு பிரிவினர் தாய் சியையும் மற்றவர் வழக்கமான மறுவாழ்வுப் பயிற்சியையும் 12 வாரங்கள் மேற்கொண்டனர். முடிவில் இரு பிரிவினரின் வாழ்க்கைத் தரமும் ஏறத்தாழ ஒரே அளவில் உயர்ந்திருந்தது. மேலும் 12 வாரங்கள் கழித்து அளந்தபோது தாய் சிப் பிரிவினரே முன்னின்றனர். ஆயினும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, வழக்கமான மருத்துவக் கவனிப்போடு ஒப்பிடுகையில் நடைத்திறன் கூடியதை ஏற்றதேயன்றி, மூச்சிரைப்பு தெளிவாகக் குறைந்ததாகக் கூறவில்லை. நுரையீரலில் சிதைந்த காற்றறைகளை எப்பயிற்சியும் மீட்பதில்லை. மருந்துக்கும் புகைப்பழக்கத்தைக் கைவிடுதலுக்கும் தாய் சி மாற்றாகாது.